பருத்த கோவேறு கழுதைக்கும் சத்துக் குறைவுண்டு

பாபநாசம் பகுதிக்குத் தணிக்கைக்காகச் சென்றிருந்தபோது, மலையடிவாரத் தோட்டமொன்றில் வாழைத்தார் சுமக்கும் கோவேறு கழுதையைக் கண்டோம். மேனி பருத்துப் பளபளத்தது. ஆனால் நடை பிசகியது, முகவெலும்பும் சற்றுப் புடைத்திருந்தது. "வைக்கோலும் தவிடுந்தான் ஐயா, அதற்கே இப்படித் தேறிவிட்டது" என்றார் அங்கத்தினர், பெருமையோடு.

கோளாறு அங்கேதான். கழுதைத் தந்தையின் சிக்கனம் இப்பிராணியின் இரத்தத்தில் ஊறியது. சொற்பத் தீனியிலும் கொழுக்கும். எனவே மேனியைக் கண்டு சத்தை மதிப்பிடலாகாது. ஒரு கிலோ அரிசித் தவிட்டில் ஏறத்தாழ 15 கிராம் மணிச்சத்து உண்டு. சுண்ணாம்புச் சத்தோ 1 கிராம் அளவே. குதிரை இனத்துக்குச் சுண்ணாம்பு, மணிச்சத்துக்குக் குறையாதிருத்தல் வேண்டும். வைக்கோலிலுள்ள ஆக்ஸலேட்டோ இருக்கிற சுண்ணாம்பையும் பிணைத்துவிடுகிறது. உடல் என் செய்யும்? எலும்பிலிருந்தே அதை எடுத்துக்கொள்கிறது. எலும்பு மெலிந்து, முகம் வீங்கி, கால் நொண்டுகிறது. காய்ந்த வைக்கோலில் 'ஏ', 'ஈ' வைட்டமின்களும் அநேகமாக இல்லை.

சுமையை நிறுத்திக் கால்நடை மருத்துவரிடம் காட்டச் சொன்னோம். தவிட்டுக்குப் பதில் பசும் அருகம்புல்லும், அளவாகக் குதிரைமசாலும் (பெயரே சொல்கிறதே!) போதும். நக்குவதற்குக் கல்லுப்பு, தாது உப்புக் கலவை மருத்துவர் கூறும் அளவில். பருத்திருக்கிறதென்று திடீரெனப் பட்டினி போட்டால், இரத்தத்தில் கொழுப்பு பெருகி உயிருக்கே ஆபத்தாகும். மாட்டுத் தீவனம் வேண்டவே வேண்டாம். அவற்றுட் சிலவற்றில் சேரும் மொனென்சின் குதிரை இனத்துக்கு நஞ்சு.

"வாங்கி வைத்த தவிடு?" என்றார் அவர். பசுவுக்கு வையுங்கள் என்றோம்.