.257 ராபர்ட்ஸ்: பழைய துப்பாக்கிக்காக பிரேக் போட்ட தோட்டா

நம்ம ஃபீல்டுல ‘பேக்வர்ட் கம்பாட்டிபிலிட்டி’ன்னு ஒரு தலைவலி இருக்குல்ல? பத்து வருஷப் பழைய போன் வச்சிருக்கற கொஞ்சம் யூசர்களுக்காக, புது போன்லயும் ஆப்பை அடக்கி வாசிக்க வைக்கற கதை. அமெரிக்காவுல 1934ல கடைக்கு வந்த ஒரு மான் வேட்டைத் தோட்டாவுக்கு அச்சு அசலா இதேதான் நடந்தது. அதோட பேர் .257 ராபர்ட்ஸ். இன்னிக்கு எபிசோட் அதைப் பத்தி, அந்தப் பிரேக்கை வீட்டு மேஜையில உக்காந்து எடுத்துவிட்டவங்களைப் பத்தி.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இந்தியாவுல மான் வேட்டை குற்றம். 1972ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதுல ரொம்பத் தெளிவா இருக்கு. அமெரிக்காவுல நிலைமை வேற. அங்க வெள்ளைவால் மான் கோடிக்கணக்குல இருக்கு, அதை வேட்டையாடற ஓநாய் பல மாநிலங்கள்ல இல்லவே இல்ல. எந்த மாசம், எத்தனை மான், எந்த மாதிரி ஆயுதம்னு மாநில அரசே லைசென்ஸ் குடுத்து நடத்துது. துப்பாக்கி, தோட்டா விற்பனை மேல போடற வரி 1937லேர்ந்து நேரா வனவிலங்குப் பராமரிப்புக்குப் போகுது. சரியா தப்பாங்கற விவாதத்தை இன்னொரு நாள் வச்சுக்கலாம். என்னை இதுக்குள்ள இழுத்தது என் கூட வேலை பாக்கற, பென்சில்வேனியாவுல இருக்கற ஒரு சீனியர். மனுஷன் தன்னோட தோட்டாவைத் தானே செய்யறார். ஸ்ப்ரெட்ஷீட் போட்டு.

தோட்டான்னா என்ன, அதைப் பிரிச்சுப் பாத்துடுவோம். பலர் தோட்டாவும் குண்டும் ஒண்ணுன்னு நினைக்கறாங்க. தோட்டாங்கறது முழு பேக்கேஜ். வெளிய ஒரு பித்தளைக் கூடு. அதோட அடியில பிரைமர். தீபாவளிக்கு வாங்கற பொட்டு கேப்போட பெரியண்ணன்னு வச்சுக்கோங்க, தட்டினா தீப்பொறி விடும். கூட்டுக்குள்ள வெடிமருந்துப் பவுடர். வாயில சொருகி வச்சிருக்கறதுதான் குண்டு. பறந்து போறது அது மட்டும்தான். கூடு துப்பாக்கியிலேயே நிக்கும், அதை எடுத்து மறுபடி நிரப்பலாம். இந்த நிரப்பற வேலைக்குப் பேர்தான் ஹேண்ட்லோடிங்.

.257ங்கற எண் குண்டோட விட்டம், அங்குலத்துல. நம்ம கணக்குக்கு 6.5 மில்லிமீட்டர். ராபர்ட்ஸ்ங்கறது ஆளோட பேர், நெட் ராபர்ட்ஸ். 1920கள்ல அவரும் நண்பர்களும் 7×57 மவுசர்ங்கற ஜெர்மன் தோட்டாவோட கூட்டை எடுத்து, கழுத்தை இறுக்கி, சின்ன குண்டு பொருந்தற மாதிரி பண்ணாங்க. இந்த 7×57 நமக்கு அவ்வளவு அந்நியம் இல்ல. பிரிட்டிஷ்காரங்க அதையே .275 ரிக்பின்னு கூப்பிட்டாங்க. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதுக்காக ஜிம் கார்பெட்டுக்கு 1907ல பரிசாக் கிடைச்ச ரைஃபிள் அதுக்கானதுதான். அந்த வகையில ராபர்ட்ஸ் கார்பெட் தோட்டாவோட வாரிசு.

ரெமிங்டன் கம்பெனி 1934ல இதைக் கொஞ்சம் மாத்தி அதிகாரப்பூர்வமா வெளியிட்டது. உதை கம்மி. அந்தக் காலத்து ஸ்டாண்டர்டான .30-06ஓட உதையில ஏறக்குறைய பாதிதான். மானுக்கும் போதும், வயலைத் தோண்டற சின்னப் பிராணிகளுக்கும் ஆகும். எல்லாரும் விரும்பற மாதிரி ஒரு ஸ்பெக். ஆனா ரெண்டு இடத்துல பிரேக் விழுந்தது.

முதல் பிரேக், அழுத்தம். சுடும்போது கூட்டுக்குள்ள வாயு எவ்வளவு அழுத்தம் வரை போகலாம்னு தொழில்துறை ஒரு உச்சவரம்பு வச்சிருக்கும். .257 ராபர்ட்ஸுக்கு அது சதுர அங்குலத்துக்கு 54,000 பவுண்டு. இதே மவுசர் கூட்டோட கழுத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கிச் செஞ்ச தம்பி ஒருத்தன் இருக்கான், 6 மி.மீ. ரெமிங்டன். அவனுக்கு 65,000. உடம்பு ஒண்ணு, பித்தளை ஒண்ணு, வரம்பு மட்டும் வேற! காரணம் தோட்டாவுல இல்ல, சந்தையில சுத்திட்டு இருந்த பழைய துப்பாக்கிகள்ல. 1890கள்ல செஞ்ச மவுசர் ரைஃபிள்கள் ராணுவ உபரியா மலிவா கிடைச்சது. அதுல புதுக் குழல் மாட்டினா ராபர்ட்ஸ் ரைஃபிள் ரெடி. ஆனா 1898 மாடலுக்கு முந்தின மவுசர்ல போல்ட்டைப் பிடிச்சு நிறுத்த முன்பக்கம் ரெண்டு பற்கள் மட்டும்தான், பின்னாடி மூணாவது பாதுகாப்புப் பல் கிடையாது. இரும்பும் மென்மையானது. போல்ட் பிடியை விட்டா அது வர்ற திசையில இருக்கறது உங்க முகம். ஃபேக்டரிக்கு யார் கையில எந்தத் துப்பாக்கி இருக்குன்னு தெரியாது, அதனால ரொம்ப பலவீனமான துப்பாக்கியை மனசுல வச்சே நிரப்பினாங்க. நான் அவங்க இடத்துல இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பேன்.

ரெண்டாவது பிரேக், நீளம். அப்பா தோட்டா 7×57ஓட மொத்த நீளம் 77.9 மி.மீ. வரை போகலாம். பிள்ளைக்கு 70.6 மி.மீ. தான் அனுமதி. கூடு கிட்டத்தட்ட அதே சைஸ்ங்கறப்போ ஏழு மி.மீ. குறையணும்னா, குண்டு உள்ளதான் இறங்கணும். பவுடர் இருக்க வேண்டிய இடத்துல குண்டோட வால் வந்து உக்காந்துக்கும். போதாததுக்கு ஆரம்பகாலத்துல வந்த 117 கிரெய்ன் குண்டு மொக்கை மூக்கு, காத்துல சீக்கிரமே வேகம் இழக்கும். (கிரெய்ன்ங்கறது எடை அளவு. ஒரு கிரெய்ன் 0.065 கிராம், சுமாரா அரைக் குன்றிமணி. நம்ம ஆசாரிமார் தங்கம் நிறுத்த கணக்கு மாதிரிதான், அவங்க வாற்கோதுமையில ஆரம்பிச்சாங்க.)

1955ல .243 வின்செஸ்டர் வந்தது. அதுக்குப் பழைய துப்பாக்கிகளோட சுமை கிடையாது, வரம்பு 60,000. விளம்பரத்துல வேகம் பளிச்சுன்னு தெரிஞ்சது, கடையில ராபர்ட்ஸ் மெல்ல ஓரங்கட்டப்பட்டது. ஆனா ராபர்ட்ஸ் சாகல. காரணம் ஹேண்ட்லோடர்கள்.

அவங்களோட லாஜிக் ரொம்ப சிம்பிள். ஃபேக்டரி எல்லாத் துப்பாக்கிக்கும் தோட்டா செய்யணும், நான் என் துப்பாக்கி ஒண்ணுக்கு மட்டும் செஞ்சா போதும். என்னோடது நல்ல இரும்புல செஞ்ச, மேகசின் நீளமான நவீன ரைஃபிள்னா, குண்டைக் கொஞ்சம் வெளிய வச்சுச் சொருகலாம், நுனி கூர்மையான குண்டைப் போடலாம், அழுத்தமும் கொஞ்சம் ஏத்தலாம். பின்னாடி தொழில்துறையே இதை ஒத்துக்கிட்டு ‘பிளஸ் பி’ன்னு தனி வரம்பு குடுத்தது, 58,000. பழைய மவுசர்ல பிளஸ் பி போடக்கூடாதுங்கறதைத் தனியாச் சொல்லணுமா என்ன.

பவுடர் விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஸ்டார்ட் ஆகாத காரைத் தள்ளியிருக்கீங்களா? ஓடி வந்து ஒரே இடி இடிச்சா தோள்பட்டைதான் வலிக்கும். கை வச்சு நிதானமா, விடாம தள்ளினா உருளும். வேகமா எரியற பவுடர் முதல் ரகம். அழுத்தம் சட்டுன்னு உச்சத்துக்குப் போய் விழுந்துடும். மெதுவா எரியறது ரெண்டாவது ரகம். உச்சம் அதேதான், ஆனா குண்டு குழலுக்குள்ள ஓடற நேரம் முழுக்கத் தள்ளிட்டே இருக்கும். கிராஃப் போட்டா உச்சி மாறாது, அடியில இருக்கற பரப்பளவு கூடும். குண்டுக்கு வேகம் குடுக்கறது அந்தப் பரப்பளவு. ராபர்ட்ஸ் மாதிரி பெரிய கூடு, சின்ன வாய் இருக்கற தோட்டாவுக்கு மெதுவான பவுடர் கச்சிதம். இரண்டாம் உலகப்போர் முடிஞ்சப்புறம் ராணுவத்துல மிஞ்சிப்போன 4831ங்கற மெதுவான பீரங்கிப் பவுடரை புரூஸ் ஹாட்ஜ்டன்ங்கறவர் மொத்தமா வாங்கி மலிவா வித்தார். அந்தத் தலைமுறை ஹேண்ட்லோடர்கள் வளர்ந்ததே அதுலதான்.

வேலை எப்படி நடக்குது? சுட்ட கூட்டைத் துடைச்சு, விரிசல் இருக்கான்னு பார்க்கணும். சுடும்போது பித்தளை விரிஞ்சிருக்கும், அதை ஒரு பிரஸ்ல அச்சுக்குள்ள அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டு வரணும். அதே அழுத்தத்துல பழைய பிரைமரும் வெளிய வந்துடும். பித்தளை ஒவ்வொரு தடவையும் நீளும், 56.7 மி.மீ.க்கு மேல போனா வெட்டணும். புது பிரைமர், நிறுத்த பவுடர், குண்டு. ஒரு தோட்டா ரெடி.

பவுடர் எத்தனை கிரெய்ன்னு இந்த எபிசோட்ல ஒரு எண் கூட வராது, வேணும்னேதான். அந்த எண்ணைப் பவுடர் கம்பெனியோ குண்டுக் கம்பெனியோ சோதனை பண்ணி அச்சடிச்ச கையேட்டுல இருந்து மட்டும்தான் எடுக்கணும். அதுலயும் உச்ச அளவுலேர்ந்து ஆரம்பிக்கக் கூடாது. சுமார் பத்து சதவீதம் கீழ ஆரம்பிச்சு, படிப்படியா ஏறி, ஒவ்வொரு படியிலயும் வேகத்தை மீட்டர் வச்சு அளக்கணும். போல்ட் திறக்க இறுகுது, பிரைமர் தட்டையாகுதுன்னா இறங்கிடணும். சிக்கல் என்னன்னா, சில சமயம் இந்த அறிகுறி தெரியறப்பவே வரம்பைத் தாண்டி ரொம்ப தூரம் போயிருப்பீங்க. இங்க ‘கண்ட்ரோல் இசட்’ கிடையாது. என் சீனியரோட மேஜையில எப்பவும் ஒரே ஒரு பவுடர் டப்பாதான் இருக்கும். வேலை நடுவுல போன் வந்தா எடுக்க மாட்டார். மெதுவான பவுடர்ல தெரியாம ரெண்டு தடவை ஊத்தினா கூடு நிரம்பி வழிஞ்சு உங்களுக்கே காட்டிக் குடுத்துடும். ஆனா கைத்துப்பாக்கிக்கான வேகமான பவுடரை டப்பா மாத்தி ஊத்தினா ஒண்ணும் வழியாது. வெடிக்கும்.

சரி, இவ்வளவும் பண்ணி எவ்வளவு லாபம்? 117 கிரெய்ன் குண்டு பழைய கணக்குல நொடிக்கு சுமார் 808 மீட்டர்ல கிளம்பும். பிளஸ் பியில சுமார் 847. இருநூறு மீட்டர் தள்ளி நிக்கற மானுக்கு இது என்ன வித்தியாசம் பண்ணும்? நூறு மீட்டருக்குக் குறி சரி பண்ணின ரைஃபிள்ல, அதே குண்டு சுமார் ரெண்டு சென்டிமீட்டர் மேல படும். மானோட இதயமும் நுரையீரலும் இருக்கற பகுதி கிட்டத்தட்ட இருபது சென்டிமீட்டர் அகலம். இதுக்காகத்தான் இவ்வளவு பாடான்னு கேட்டா, வேகத்துக்காக மட்டும்னா நிச்சயமா வீண்தான்.

உண்மையான லாபம் குண்டைத் தேர்ந்தெடுக்கற உரிமையிலதான் இருக்கு. சின்னப் பிராணிகளுக்குன்னு செஞ்ச மெல்லிசுத் தோல் குண்டு பட்டவுடனே சிதறிடும். மான் தோள்பட்டையில அது பட்டா மேலோட்டமாப் பெரிய காயம், உள்ள ஒண்ணும் ஆகாது, மிருகம் ஓடிப் போய் மணிக்கணக்குல துடிக்கும். மானுக்கு வேண்டியது விரியவும் செய்யணும், பிளந்து போகாம ஆழமாவும் போகணும். ஜான் நோஸ்லர் 1948ல விற்க ஆரம்பிச்ச ‘பார்ட்டிஷன்’ குண்டு நடுவுல ஒரு தடுப்புச் சுவர் வச்சு இதைச் சாதிச்சது, முன்பாதி விரியும், பின்பாதி அப்படியே முன்னேறும். சின்ன காலிபர்ல இந்தத் தேர்வு உயிர் நாடி. பெரிய தோட்டாவுல தப்பான குண்டைக்கூடக் கொஞ்சம் சமாளிக்கலாம், இதுல முடியாது. கொலராடோ மாநிலம் மானுக்கு 6 மி.மீ.க்குக் குறையாத காலிபர், 70 கிரெய்னுக்குக் குறையாத விரியற குண்டுன்னு சட்டமே போட்டிருக்கறது இதனாலதான்.

இன்னொரு லாபம் உதை கம்மிங்கறது. உதைக்குப் பயந்தவன் டிரிகரை இழுக்கற அந்த நொடியில கண்ணை மூடிக்கறான், குறி நழுவுது. ராபர்ட்ஸ்ல அந்தப் பயம் இல்ல, நிறையப் பயிற்சி எடுக்கலாம், தானே நிரப்பறதால செலவும் கட்டுப்படியாகும். மான் பக்கவாட்டுல நிக்கற வரைக்கும் பொறுத்து, முன்னங்காலுக்குப் பின்னாடி ஒரே குண்டு. நேரா பின்புறம் காட்டி நின்னா சுடாம விட்டுடணும். முந்நூறு மீட்டர் தாண்டினா என் சீனியர் ரைஃபிளையே தூக்கறதில்லையாம். தோட்டா போகாதுன்னு இல்ல, “அந்த தூரத்துல என் கை மேல எனக்கே நம்பிக்கை இல்ல”ங்கறார்.

இப்போ இன்னொரு சிக்கல் சேர்ந்திருக்கு. ஈயக் குண்டு சிதறல் மானோட குடல்ல தங்கி, வேட்டைக்காரர் விட்டுட்டுப் போற கழிவைத் தின்னற காண்டார் கழுகுகளுக்கு விஷமாகுது. கலிஃபோர்னியா 2019 ஜூலையிலேர்ந்து வேட்டைக்கு ஈயமே கூடாதுன்னுடுச்சு. மாற்று, முழுச் செம்புக் குண்டு. செம்பு ஈயத்தை விட லேசு, அதனால அதே எடைக்கு குண்டு நீளமாகும். நீளமான குண்டு கூட்டுக்குள்ள ஆழமா இறங்கி பவுடர் இடத்தைத் தின்னும். 1934ல பட்ட அதே 70.6 மி.மீ. பாடு, தொண்ணூறு வருஷம் கழிச்சு. இதுக்கான தீர்வும் அதே மேஜையிலதான்: கொஞ்சம் எடை குறைஞ்ச செம்புக் குண்டு, அதுக்கேத்த பவுடர், முதல்லேர்ந்து மறுபடி சோதனை.

கடைசியா, அடிக்கடி வர்ற ஒரு கேள்வி. கடையில ராபர்ட்ஸ் கூடே கிடைக்காத சீசன்ல என்ன பண்றது? 7×57 கூட்டை வாங்கி, ராபர்ட்ஸ் அச்சுல விட்டுக் கழுத்தை இறுக்கிக்கறாங்க, நெட் ராபர்ட்ஸ் செஞ்ச அதே வேலை. ஆனா கூட்டோட அடியில பொறிச்சிருக்கறது அப்பாவோட பேர், உள்ள இருக்கறது பிள்ளையோட குண்டு. அதனால அந்தப் பெட்டி மேல தடியான மார்க்கர்ல ‘இது ராபர்ட்ஸ்’னு எழுதி, குண்டோட எடை, பவுடர் பேர், அளவு, தேதி எல்லாம் போட்டு ஒட்டி வைப்பாங்க. லேபிள் இல்லாத பெட்டி கையில கிடைச்சா என் சீனியர் அதைச் சுடறதே இல்ல. குண்டை ஒவ்வொண்ணா உருவி, பவுடரைக் கொட்டிடுவார்.