தலைப்பெழுத்தின் மிடுக்கு

மனிதர்க்கு முகம் உள்ளவாறே எழுத்துக்கும் முகம் உண்டு. நூலின் உட்பக்கத்து எழுத்து அடக்கமுடையது. தன்னை மறைத்துப் பொருளைக் காட்டுவது. சுவரொட்டியிலும் அட்டையிலும் வரும் தலைப்பெழுத்தோ வழிப்போக்கனைக் கைதட்டி அழைப்பது. அவ்வகையில் தடித்த கோண எழுத்துக்குத் தனி மிடுக்கு உண்டு. வளைய வேண்டிய இடத்தில் அது உளி பட்ட கல்லைப் போல முறிந்து திரும்பும், கோடுகள் பருத்திருக்கும், உள்வெளி குறுகியிருக்கும்.

நாம் வாழும் கல்கத்தா இவ்வெழுத்துக்கு நல்ல விளைநிலம். வங்க எழுத்துக்கள் தலைக்கோட்டில் கோத்துத் தொங்குபவை. அவர்களுடைய பகரம் ஏறக்குறைய ஒரு முக்கோணமே; அதன் கீழ் ஒரு புள்ளி இட்டால் ரகரமாகிவிடும். சித்பூர் வீதியின் ஜாத்ரா நாடகச் சுவரொட்டிகளையும், தேர்தல் காலத்துச் சுவரெழுத்துக்களையும் கண்டவர்கள் இவ்வெழுத்தின் வலிமையை அறிவார்கள்.

இக்கலையை உயர்த்தியவர்களுள் தலையாயவர் சத்யஜித் ராய் (1921–1992). பாட்டனார் உபேந்திரகிஷோர் அச்சுக்கலை வல்லுநர். 1913இல் ‘சந்தேஷ்’ என்னும் சிறுவர் இதழைத் தொடங்கியவர். பேரர் 1943இல் டி. ஜே. கீமர் என்னும் விளம்பர நிறுவனத்தில் சேர்ந்தார். சிக்னெட் பிரஸ் நூல்களுக்கு அட்டை வரைந்தார். பின்னாளில் தம் படங்களின் சுவரொட்டிகளையும் தாமே அமைத்தார். ஆங்கில எழுத்திலும் அவர் கை சென்றது. அவர் வரைந்த ‘ராய் ரோமன்’, ‘ராய் பிசார்’ என்னும் அச்செழுத்துக்கள் 1971இல் அனைத்துலகப் போட்டியொன்றில் பரிசு பெற்றன.

தமிழுக்கு இவ்வடிவம் பொருந்துமா? ‘ட’, ‘ப’ ஆகியவை நேர்கோட்டாலேயே ஆனவை, தயங்காமல் இசையும். ‘ண’, ‘ஞ’, ‘ஐ’ போன்றவற்றில்தான் கவனம் வேண்டும். ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் ஒரு சுழியே வேற்றுமை. அழகுக்காக அதனை வெட்டினால் மணம் மனமாகிவிடும். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் மயங்கினால் ‘கெடு’ ‘கேடு’ ஆகும். மெய்யெழுத்தின் புள்ளியைத் தடித்த கோட்டினுள் புதைத்தலும் ஆகாது.

இதனைப் பயன்படுத்தும் முறை எளிது. இரண்டு மூன்று சொற்களுக்கு மட்டுமே வழங்குக. பெரிய அளவில் அமைக்க. சுற்றிலும் வெற்றிடம் விடுக. நாடகம், கூட்டம், விளையாட்டு விழா ஆகியவற்றின் தலைப்புக்கு இது ஏற்றது. நாளும் இடமும் நேரமும் சாதாரண எழுத்திலேயே வரட்டும். இரங்கற் செய்திக்கும் மணவழைப்புக்கும் இவ்வதட்டல் பொருந்தாது. ஓடும் வண்டியிலிருந்து படிக்க வேண்டிய நிலையப் பலகைக்கும் கோணல் வித்தை உதவாது. ஹவுராவில் மஞ்சள் தளத்தில் கறுப்பாக வங்கம், இந்தி, ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் எழுதியிருப்பது தெளிவொன்றையே நாடி நிற்கிறது.

இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. நம் குழந்தைகள் அம்மூன்று எழுத்துக்களையும் வீதிதோறும் காண்கின்றனர். தமிழெழுத்தை அவர்கள் பெரிய உருவில் காணும் இடம் பெரும்பாலும் நம் சங்கத்து விளம்பரப் பலகை ஒன்றே. அங்கே அது மங்கலாகவும் ஏனோதானோவென்றும் நின்றால், தாய்மொழி மங்கலானது என்றே அவர்கள் நினைப்பர். ஆகவே, அடுத்த விழாவின் தலைப்பைச் சிறுவர்களிடமே ஒப்படைப்போம். கட்டமிட்ட தாளும் அடிக்கோலும் கொடுத்து, சுழி பிழையாமல் வரையச் செய்வோம். ஓரெழுத்தைக் கோணமாக்க முயலும் பிள்ளை, முதலில் அதன் வளைவை நன்கு கற்றுக்கொண்டாக வேண்டும்.