ஒரு வணிகர் எழுதிய நாட்குறிப்பு

செஞ்சிக் கோட்டையைப் பற்றிப் பேசத் தொடங்குவோர் பெரும்பாலும் மன்னர்களையும் படைத்தலைவர்களையும் பற்றியே பேசுவர். 1677ஆம் ஆண்டில் சிவாஜி இக்கோட்டையைக் கைப்பற்றியதும், அவருடைய மைந்தர் இராஜாராம் இங்கே வந்து தங்க, மொகலாயப் படை ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் முற்றுகையிட்டதும், 1698இல் கோட்டை வீழ்ந்ததும், 1714இல் தேசிங்கு ராஜன் போர்க்களத்தில் உயிர் துறந்ததும் நாம் பலமுறை கேட்டவை. 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டனுள் ஒன்றாகச் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் இடம்பெற்றது. நம் ஊருக்கு இது பெருமை என்பதில் ஐயமில்லை.

ஆயினும், ஆசிரியனாகப் பல ஆண்டுகள் மாணவர்களை இராஜகிரிக்கு அழைத்துச் சென்ற எனக்கு அவர்களுள் யாரேனும் ஒருவர் தவறாமல் விடுக்கும் வினா ஒன்று உண்டு. “மலைமேல் சண்டை நடந்தபோது கீழே இருந்த மக்கள் என்ன நினைத்தார்கள்?” என்பதே அவ்வினா. மதிலும் அகழியும் களஞ்சியமும் கல்யாண மகாலும் இதற்கு விடை கூறமாட்டா. கல்வெட்டு கொடுத்தவன் பெயரைச் சொல்லும். கொடுக்கப்பட்ட நிலத்தின் எல்லையைச் சொல்லும். அயலில் நின்று பார்த்தவனுடைய கருத்தைச் சொல்லாது. ஆட்சியில் முடியோ படையில் வாளோ இல்லாத ஒருவர், தம் காலத்துப் பொது வாழ்வைப் பற்றியும் தம் தொழிலைப் பற்றியும் தாம் எண்ணியதை நாள்தோறும் எழுதிவைத்தால்தான் அவ்வினாவுக்கு விடை கிடைக்கும். நமது நற்பேறு, அவ்வாறு எழுதிவைத்தவர் ஒருவர் செஞ்சிக்கு அண்மையிலேயே வாழ்ந்தார். அவர்தாம் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை.

பிள்ளையவர்கள் 1709ஆம் ஆண்டில் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். தந்தையார் திருவேங்கடம் பிள்ளை குடும்பத்துடன் புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்து பிரெஞ்சுக் கும்பினியாருடன் வணிகம் செய்தார். மகனும் அத்தொழிலிலேயே வளர்ந்தார். துணியும் பாக்கும் அவருடைய முதன்மையான சரக்குகள். பின்னர் 1747இல், ஆளுநர் துய்ப்ளேயின் காலத்தில், கும்பினியின் தலைமைத் துபாசி ஆனார். துபாசி என்பவர் இரு மொழி அறிந்தவர். ஆனால் மொழிபெயர்ப்பாளர் மட்டுமல்லர். அரண்மனைகளுக்குச் செல்லும் கடிதமும், வணிகர் கேட்கும் முன்பணமும், ஊரார் கொணரும் வழக்கும் அவர் வழியாகவே ஆளுநரைச் சென்றடையும்.

1736ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் அவர் ஒரு பேரேட்டில் எழுதத் தொடங்கினார். கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும், கப்பல்கள் வருவதையும் போவதையும் குறித்துவைக்கப் போவதாகத் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறார். இடையிடையே விடுபட்ட நாட்கள் உண்டெனினும், 1761ஆம் ஆண்டுத் தொடக்கம் வரை, ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள், அப்பணி தொடர்ந்தது. ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றிய அந்த 1761 ஜனவரித் திங்களிலேயே அவர் வாழ்வும் முடிவுற்றது. ஏடுகள் வீட்டில் கிடந்தன. 1846இல் கல்லுவா மோன்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டறிந்து படியெடுக்கச் செய்தார். சென்னை அரசினர் 1904 முதல் 1928 வரை ஆங்கில மொழிபெயர்ப்பைப் பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்டனர். தமிழ் மூலம் நூலாக வரத் தொடங்கியது 1948க்குப் பிறகுதான். தமிழர் ஒருவர் தமிழில் எழுதியதைத் தமிழுலகம் ஆங்கிலத்திற்குப் பின்னரே படிக்க நேர்ந்தது என்பது நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

முதலில் வணிகத்தைப் பார்ப்போம். இந்நாட்குறிப்பில் கப்பல் வருகைக்கு அத்தனை இடம் ஏன்? அந்நாள் துணி வணிகம் நடந்த முறையை அறிந்தால் விடை விளங்கும். கும்பினியார் வணிகருக்கு முன்பணம் கொடுப்பர். வணிகர் அதனை ஊர் ஊராக நெசவாளருக்குக் கொடுப்பர். நெய்த துணி வெளுக்கப்பட்டு, சோதிக்கப்பட்டு, கட்டாகக் கட்டப்பட்டுக் கப்பலேறும். இச்சங்கிலியின் முதற்கண்ணி ஐரோப்பாவிலிருந்து வரும் வெள்ளி. கப்பல் வாராவிடில் வெள்ளி இல்லை. வெள்ளி இல்லையேல் முன்பணம் இல்லை. முன்பணம் இல்லையேல் தறி ஓடாது. கடற்கரையில் ஒரு பாய்மரம் தென்படுவதை எதிர்நோக்கி உள்நாட்டில் எத்தனையோ அடுப்புகள் காத்திருந்தன. பிள்ளையவர்கள் தம் பாக்குக் கிடங்கில் அமர்ந்து கப்பற்செய்தி எழுதியது வேடிக்கைக்காக அன்று.

இதிலிருந்தே பொது வாழ்வைப் பற்றிய அவர் கருத்தும் பிறக்கிறது. படைகள் கடந்து செல்லும் நாட்டில் உழவர் ஓடுவர். நெசவாளர் தறியைப் பிரித்துக்கொண்டு இடம் பெயர்வர். வழியில் சரக்கு கொள்ளை போகும். எனவே ஆள்பவனின் வீரம் அவருக்கு ஒரு கணக்கு. ஆட்சியின் ஒழுங்கு வேறொரு கணக்கு. துய்ப்ளேயின் அறிவையும் ஊக்கத்தையும் அவர் மனமாரப் புகழ்கிறார். அதே ஏட்டில், துய்ப்ளேயின் மனைவியார் ஆட்சியில் தலையிட்டதையும், பதவிகளுக்காகக் கைமாறிய பணத்தையும் கசப்புடன் எழுதுகிறார். 1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த நேரத்தில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதை அவர் வேதனையோடு பதிவு செய்திருக்கிறார். பகலில் ஆளுநர்முன் பணிவுடன் நின்றவர், எழுதும்போது தம் மனத்திற்கு உண்மையாக நின்றார்.

அரசுப் பதவியின் நிலையாமையை அவர் குடும்பமே கண்டிருந்தது. அவருடைய நெருங்கிய உறவினரான நைனியப்ப பிள்ளை கும்பினியின் தலைமைத் தரகராக இருந்தவர். 1716இல் குற்றஞ்சாட்டிச் சிறையிலிடப்பட்டு, அடுத்த ஆண்டு சிறையிலேயே இறந்தார்; அவர் குற்றமற்றவர் என்பது இறந்த பிறகே ஏற்கப்பட்டது. இதனை இளமையில் அறிந்த ஒருவர், பேச வேண்டிய இடத்தில் அளந்து பேசி, எஞ்சியதை ஏட்டில் வைத்தது வியப்பன்று. ஆனந்தரங்கரும் 1756இல் தம் பதவியை இழந்தார்.

இனி நூலும் படிப்பும். பிள்ளையவர்கள் புலவர்களைப் போற்றியவர். தியாகராச தேசிகர் அவர்மீது ‘ஆனந்தரங்கன் கோவை’ பாடினார். சீனிவாச கவி வடமொழியில் ‘ஆனந்தரங்க விஜய சம்பு’ இயற்றினார். அந்நூல்களில் அவர் குறையொன்றுமில்லாத வள்ளல். நாட்குறிப்பிலோ, கடன் கணக்குப் பார்ப்பவர், சோதிடத்தை நம்புபவர், எதிரி என்ன செய்கிறான் என்று கவலுபவர். இரண்டும் ஒரே மனிதரைப் பற்றியவைதாம். எனினும் அவரை நாம் அறிந்துகொள்வது இரண்டாவதன் வழியாகவே. அதன் நடை புலவர் நடை அன்று. பேச்சுத் தமிழுடன் பாரசீகமும் தெலுங்கும் போர்த்துகீசியமும் பிரெஞ்சும் கலந்த கடைவீதி நடை. இலக்கணம் பார்ப்போர் முகஞ்சுளிக்கலாம். ஆனால் அந்நாளில் மக்கள் எவ்வாறு பேசினர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று அரிது.

இங்கிலாந்தில் சாமுவேல் பெப்பீசு என்பவர் 1660 முதல் 1669 வரை இத்தகைய நாட்குறிப்பொன்று எழுதினார். பிறர் எளிதில் படித்துவிடாதபடி அவர் சுருக்கெழுத்தைக் கையாண்டார். செஞ்சியின் வரலாற்றை விரிவாக ஆராய்ந்து 1943இல் நூலாக வெளியிட்ட பேராசிரியர் சி. எஸ். சீனிவாசாச்சாரியார், அதற்கு முன்னரே ஆனந்தரங்கரைப் பிரெஞ்சிந்தியாவின் பெப்பீசு என்று கொண்டு ஒரு நூல் எழுதினார். கோட்டையை ஆராய்ந்த அறிஞருக்கு வணிகரின் ஏடும் தேவைப்பட்டது என்பதை நாம் கருத வேண்டும்.

அப்படியானால் பிள்ளையவர்கள் எழுதியவை யாவற்றையும் அப்படியே ஏற்கலாமா? கூடாது. ஒருவருடைய கருத்தைப் படிக்கும்போது மூன்று வினாக்களைக் கேட்க வேண்டும். எழுதியவர் தாமே கண்டாரா, பிறர் சொல்லக் கேட்டாரா? அச்செய்தியில் அவருக்கு ஆதாயமோ பகையோ உண்டா? அன்றே எழுதினாரா, காலம் கடந்து எழுதினாரா?

செஞ்சியை வைத்தே இவற்றைச் சோதிப்போம். 1750ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் புசி என்னும் தளபதியின் கீழ் பிரெஞ்சுப் படை ஒரே இரவில் இக்கோட்டையைப் பிடித்தது. எட்டு ஆண்டு முற்றுகையைத் தாங்கிய கோட்டை ஓர் இரவில் விழுந்தது நாடெங்கும் வியப்பாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில், செஞ்சிக்கு அண்மையில் பாளையமிறங்கியிருந்த நாசர்ஜங்கு தம்மைச் சார்ந்தவர்களாலேயே கொல்லப்பட்டார். பிள்ளையவர்கள் அப்போது புதுச்சேரியில் இருந்தவர், மலையேறியவர் அல்லர். ஆகவே கோட்டை எவ்வாறு பிடிபட்டது என்பதற்கு அவர் நேர்ச்சான்று ஆகமாட்டார். அச்செய்திகள் புதுச்சேரியில் எவ்வாறு வரவேற்கப்பட்டன என்பதற்கு அவரே தலைசிறந்த சான்று. இது முதல் வினாவின் பயன்.

இரண்டாவது வினாவைக் கேட்டால், அவர் வெற்றி பெற்ற பக்கத்தவர் என்பதும், அப்பக்கத்து நவாபு முசாபர்ஜங்கிடம் 1749இலேயே பட்டமும் சிறப்பும் பெற்றவர் என்பதும் நினைவுக்கு வரும். 1745இல் புதுச்சேரிச் சம்பாக் கோயிலில் சாதியால் மக்களைப் பிரித்து நின்ற சுவரைப் பற்றி எழுந்த பூசலையும் அவர் எழுதியிருக்கிறார். அதனைப் படிக்கும்போது, அவர் சுவரின் எந்தப் பக்கத்திலிருந்து உலகைப் பார்த்தவர் என்பதை மறத்தலாகாது. மறுபக்கத்தில் நின்றவர் எழுதிய ஏடு நமக்குக் கிட்டவில்லை. அவர் செல்வர், எளியவர் அனைவருடைய குரலையும் அவர் ஒருவரிடம் கேட்க முடியாது.

மூன்றாவது வினாவில்தான் நாட்குறிப்பின் மதிப்பு முழுமையாக வெளிப்படுகிறது. நாசர்ஜங்கு இறந்த பின் முசாபர்ஜங்கு புதுச்சேரியில் பெருஞ்சிறப்புடன் பதவியேற்றார். இரண்டு திங்களுக்குள், 1751இன் தொடக்கத்தில், அவரும் கொல்லப்பட்டார். 1754இல் துய்ப்ளே திரும்ப அழைக்கப்பட்டார். பின்னாளில் வரலாறு எழுதுவோருக்கு இம்முடிவுகள் தெரியும்; ஆகவே அவர்கள் தொடக்கத்திலேயே அழிவின் அறிகுறியைக் காண்பர். செஞ்சியைச் சேர்ந்த நாராயணன் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்’ எழுதினார். நமக்குப் பெரிதும் பயன்படும் நூல் அது. எனினும் நிகழ்ந்தவை முடிந்த பிறகு எழுதப்பட்டது. நாளை நடப்பதை அறியாத மனிதனின் நம்பிக்கையும் அச்சமும், அன்றன்று எழுதிய ஏட்டில்தான் கலப்பின்றிக் கிடைக்கும்.

துய்ப்ளே தம் வெற்றியின் நினைவாக, நாசர்ஜங்கு வீழ்ந்த இடத்தில் தம் பெயரால் ஓர் ஊரை அமைக்கத் தொடங்கினார். 1752இல் கிளைவின் படை அதனை அழித்துவிட்டது. செஞ்சியிலிருந்து பெயர்த்துச் செல்லப்பட்ட கற்றூண்கள் இன்று புதுச்சேரிக் கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சுற்றி நிற்கின்றன. தம்மை எழுப்பியவர் நோக்கத்தை அவை கூறுவதில்லை. வணிகரின் காகிதமோ இன்றும் பேசுகிறது. அதை அடிப்படையாகக் கொண்டு பிரபஞ்சன் எழுதிய ‘வானம் வசப்படும்’ என்னும் புதினம் 1995இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. ஆனந்தரங்கருக்குப் பின் இரண்டாம் வீரா நாயக்கர் போன்ற புதுவைத் தமிழர் வேறு சிலரும் நாட்குறிப்பு எழுதினர். நல்ல வழக்கம் ஒருவரோடு நின்றுவிடவில்லை.

நேயர்களே! கல்லைக் காக்க அரசு இருக்கிறது. தொல்லியல் துறை இருக்கிறது. இப்போது உலகத்தின் கண்ணும் செஞ்சியின்மீது விழுந்திருக்கிறது. காகிதத்தைக் காக்க நம்மையன்றி வேறு எவருமிலர். பழைய கடைக் கணக்கு, கடிதக் கட்டு, திருமணச் செலவுக் குறிப்பு, தாத்தா எழுதிய நாட்குறிப்பு ஆகியவை பரணிலிருந்து இறங்கி எடைக்குப் போகின்றன. அவற்றில் நெல் என்ன விலை விற்றது, எந்த ஆண்டு ஏரி வற்றியது, யார் எந்த ஊருக்குப் பிழைக்கப் போனார் என்பவை இருக்கும். எடைக்குப் போடுமுன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். இயலுமாயின் பள்ளிக்கோ நூலகத்திற்கோ காட்டுங்கள்.

எழுதவும் தொடங்குங்கள். இன்றைய கருத்துகள் கைப்பேசியில் தோன்றி அன்றே மறைகின்றன. சந்தை விலை, ஊர்க்கூட்டத்தில் பேசப்பட்டது, படித்த நூலைப் பற்றிய எண்ணம் என நாளுக்குப் பத்து வரி போதும். தேதியிட்டு எழுதுங்கள், கண்டதைக் கண்டதாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் எழுதுங்கள். கடை வைத்திருப்பவரும், தறி நெய்பவரும், வயலில் நடவு நடும் பெண்ணும் எழுத வேண்டும். ஆனந்தரங்கரின் ஏட்டில் நமக்குக் கேளாத குரல்கள், வருங்காலத்தார் படிக்கும் ஏடுகளிலேனும் கேட்கட்டும்.