மரத்தடியில் வீணாகும் கனிகள்

கோவையின் பழைய வீடுகள் பலவற்றின் பின்புறத்தில் கொய்யா, சப்போட்டா, பப்பாளி, நெல்லி ஆகியவற்றில் ஏதேனும் ஒரு மரம் நிற்பதைக் காணலாம். காய்ப்புக் காலத்தில் வீட்டார் உண்டதுபோக எஞ்சியவை மரத்தடியிலேயே அழுகிப்போகின்றன. அதே ஊரில், பழம் வாங்க வசதியற்ற குடும்பங்களையும் புறநோயாளிகள் பிரிவில் நாங்கள் சந்திக்கிறோம். இவ்விரு தரப்பையும் இணைக்கும் தொண்டு எளியது. ஆயினும் கவனத்துடன் செய்யப்பட வேண்டியது.

அறுவடை முடிந்த வயலில் எஞ்சிய கதிர்களைப் பொறுக்குவது நம் சிற்றூர்களில் பழகிய வழக்கம். கனடாவின் டொராண்டோ நகரில் 2008-இல் தொடங்கப்பட்ட 'நாட் ஃபார் ஃப்ரம் த ட்ரீ' என்னும் அமைப்பு, இவ்வழக்கத்தை வீட்டு மரங்களுக்குக் கொண்டுசென்றது. உரிமையாளர் அழைத்தால் தொண்டர்கள் சென்று பழம் பறிப்பர். பறித்தவற்றில் ஒரு பங்கு உரிமையாளருக்கு, ஒரு பங்கு தொண்டர்களுக்கு, மற்றொரு பங்கு உணவு வழங்கும் அமைப்புகளுக்கு. கோவையிலோ, 2014-இல் தோன்றிய 'நோ ஃபுட் வேஸ்ட்' அமைப்பு திருமண விருந்துகளில் மிகும் உணவைத் தேவைப்படுவோரிடம் சேர்த்து வருகிறது. சமைத்த உணவைச் சில மணி நேரத்திற்குள் சேர்த்தாக வேண்டும்; பழமோ ஓரிரு நாள் தாங்கும். ஆகவே ஒரு தெருவில் நான்கைந்து குடும்பங்கள் கூடினாலே இதனைத் தொடங்கிவிடலாம்.

நாளொன்றுக்கு 100 கிராம் பழம் உண்ண வேண்டும் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை. 100 கிராம் கொய்யாவில் சுமார் 200 மில்லிகிராம் வைட்டமின் சி உள்ளது. இது ஒருவரின் அன்றாடத் தேவையை விட அதிகம்.

எனினும், பழங்களை மரத்திலிருந்தே பறிக்க வேண்டும். தரையில் கிடப்பவற்றையும், வௌவாலோ பறவையோ கடித்தவற்றையும் எவருக்கும் கொடுக்கலாகாது. கடித்த பகுதியை மட்டும் வெட்டி நீக்கிவிட்டு உண்பதும் தவறு. பழந்தின்னி வௌவால்களின் எச்சில் வழியே நிபா வைரஸ் பரவக்கூடும். 2018-இலும் 2023-இலும் அந்நோய் தோன்றிய கோழிக்கோடு நமக்கு வெகுதொலைவில் இல்லை. நல்ல பழங்களையும் ஓடும் நீரில் நன்கு கழுவிய பின்னரே வழங்க வேண்டும்.

நோயாளிக்குப் பழம் தருமுன் அவருடைய நோய் இன்னதென்று அறிவது இன்றியமையாதது. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு நட்சத்திரப் பழம் நஞ்சாகும். நிற்காத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு என முற்றி உயிரையே பறிக்கக்கூடும். வாழைப்பழத்திலும் இளநீரிலும் பொட்டாசியம் மிகுதி. அது இரத்தத்தில் கூடினால் இதயத் துடிப்பு தடுமாறும். எனவே சிறுநீரக நோயாளிகள் இவற்றை மருத்துவர் அனுமதித்தாலன்றி உண்ணலாகாது. நீரிழிவு உள்ளவர்கள் பழத்தை அறவே விலக்க வேண்டியதில்லை. அளவோடு, சாறாக்காமல் முழுப்பழமாக உண்பது நன்று. புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்பவர்கள் எந்தப் பழம், எப்போது என்பதைத் தம் மருத்துவரிடமே கேட்டறிய வேண்டும்.

மரம் ஏறுவது பழகியவர்களின் வேலை. முதியவர்களும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்பவர்களும் ஏணியைத் தவிர்க்க வேண்டும்; விழுந்தால் அவர்களுக்கு உள்ளே இரத்தம் கசியும் அபாயம் அதிகம். இவர்கள் நிழலில் அமர்ந்து பழங்களைத் தரம் பிரிக்கலாம், பைகளில் இடலாம், எந்த வீட்டில் எப்போது காய்க்கும் என்று குறித்துவைக்கலாம். நோயுற்றவருக்குத் துணையாக மாதக்கணக்கில் அறைக்குள்ளேயே அடைந்து கிடப்பவர்களுக்கும், வாரம் ஒரு காலைப்பொழுது அயலாரோடு இவ்வாறு கழிப்பது மனச்சுமையைக் குறைக்கும்.

மருத்துவமனைக்குப் பழம் கொண்டுவருவோர் பையின்மேல் பழத்தின் பெயரையும் பறித்த நாளையும் எழுதி, முதலில் செவிலியரிடமோ உணவியல் நிபுணரிடமோ காட்டுங்கள். யார் எதை உண்ணலாம் என்பதை அவர்கள் கூறுவர்.