வேலிக்கு முன்னே எல்லை

வேலி அடைக்க வேண்டும் என்று வீட்டில் பேச்செழுந்தால், கதியால் என்ன விலை, கம்பி என்ன விலை, கூலி எவ்வளவு என்றே நாம் முதலில் விசாரிக்கின்றோம். மன்னார்த் தீவிலும் எதிர்க்கரைப் பெருநிலத்திலும் காணி வைத்திருப்போர் இக் கேள்விகளைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி வைத்தல் நலம். வேலி நிற்க வேண்டிய கோடு எது என்பதே இங்கு முதற் கேள்வி.

இதற்குக் காரணம் உண்டு. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். தமிழ்க் குடும்பங்களும் மடுவுக்கும் கடல் கடந்து தமிழகத்து முகாம்களுக்குமாகச் சிதறின. போர் 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிந்த பின்னர் பலரும் மீண்டு வந்தார்கள். கிடுகும் ஓலையும் இரண்டு மாரிக்கு மேல் தாங்குவதில்லை. இருபது ஆண்டுகளில் கதியால்கூட நிலைக்குமா? வீடு இருந்த இடத்தைக் கிணறு காட்டியது. எல்லை இருந்த இடத்தைக் காட்ட உடைமரப் பற்றையே மிஞ்சியது. உறுதியை எடுத்துப் பார்த்தாலோ, வடக்கே இன்னாருடைய காணி, கிழக்கே ஒழுங்கை என்று எழுதியிருக்கும். அந்த இன்னார் காலமாகிப் பிள்ளைகள் பல ஊர்களிலே வாழ்வார்கள்; ஒழுங்கையே இடம் மாறியிருக்கும்.

ஆகவே, அனுமதி பெற்ற நில அளவையாளர் ஒருவரை அழைத்துப் பழைய வரைபடத்தின்படி அளப்பித்துக் கட்டை அடிப்பதே முதற் செலவாக இருத்தல் வேண்டும். அளக்கும் நாளில் அயலவர் இரு புறமும் நிற்பது மிக முக்கியம். அவர் இல்லாத நாளில் அடித்த கட்டை, அவர் வந்த நாளில் பிடுங்கப்படுவதை நாம் எத்தனையோ ஊர்களிற் கண்டிருக்கின்றோம். இணக்கம் ஏற்படாவிடின் மத்தியஸ்த சபையை நாடலாம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சபை அது. அங்கும் தீராவிட்டால், அழிந்துபோன எல்லையை நிர்ணயித்துத் தரும்படி மாவட்ட நீதிமன்றத்திலே வழக்கிடலாம்.

"ஒரு முழந்தானே, போகட்டும்" என்று சொல்வோரும் உளர். பெருந்தன்மைதான், ஆனால் சட்டம் அதைப் பெருந்தன்மையாகக் கொள்ளாது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிச் சட்டத்தின்படி, பிறர் காணியை அவர் உரிமைக்கு மாறாக 10 ஆண்டுகள் இடையீடின்றி ஒருவர் ஆண்டுவந்தால், அது அவருக்கே உரித்தாகலாம். போர்க்காலத்திலே நீதிமன்றம் செல்ல இயலாதவர்களின் நிலையை எண்ணி, 2016ஆம் ஆண்டில் 5ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை அத்தகையோருக்கு எதிராகக் கணக்கிடலாகாது என்பது அதன் சாரம். ஆயினும் இச் சலுகையைப் பெற இரண்டாண்டுத் தவணையே விதிக்கப்பட்டது. அத் தவணை கடந்துவிட்டது. இனி வேலி நகர்ந்ததைக் கண்டும் வாளாவிருப்போருக்கு ஆண்டுகள் எதிராகவே ஓடும்.

கோடு தீர்ந்தபின் செலவைப் பார்ப்போம். 20 பேர்ச் காணி என்பது 5,445 சதுர அடி. அது சதுரமாக இருந்தால் சுற்றளவு ஏறக்குறைய 295 அடி. எட்டடிக்கு ஒரு தூண் வைத்தால் 37 தூண்கள் போதும். அதே 20 பேர்ச் 40 அடி அகலமும் 136 அடி நீளமுமான துண்டாக இருப்பின் சுற்றளவு 352 அடியாகிவிடும். தூண்கள் 44 வேண்டும். சீதனத்துக்காகக் காணியை நீள நீளமாகக் கூறுபோடும் நம்மவர் இதையும் கொஞ்சம் எண்ணலாம்! பொது எல்லையின் செலவை அயலவரும் பாதி ஏற்பாராயின் பாரம் வெகுவாகக் குறையும். அளவை நாளன்றே அதைப் பேசிவிடுதல் நன்று.

எதனால் அடைப்பது? இங்கே காற்றைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். தீவின் தென்கரையிலே 30 காற்றாலைகளை நட்டு 103.5 மெகாவாற் மின்சாரம் எடுக்கிறார்கள் என்றால், சோளகத்தின் வேகத்தைச் சொல்லவும் வேண்டுமோ! முழுத் தகரத்தால் மறைத்த வேலி பாய்மரம் போலக் காற்றை வாங்கிச் சாயும். நம் முன்னோர் அடைத்த கருக்குமட்டை வேலியோ இடுக்குகளால் காற்றைப் போகவிட்டு, கருக்கினால் ஆட்டையும் மன்னார்த் தெருக்களிற் சுற்றித் திரியும் கழுதையையும் தடுத்துவிடும். முட்கம்பி நல்லதுதான்; ஆனால் உப்புக்காற்று அதை விரைவில் துருவேற்றும். துத்தநாகப் பூச்சுத் தடித்த கம்பியாகப் பார்த்து வாங்குக. கொங்கிறீற்றுத் தூணுக்குக் கடல்மணலைச் சேர்க்கவே கூடாது. உப்பு உள்ளிருக்கும் இரும்பைத் தின்றுவிடும். தூணை இரண்டடிக்குக் குறையாமற் புதைத்து, மூலைத் தூண்களுக்கு முட்டுக்கால் கொடுத்தாலன்றி மணல் பிடிகொடாது.

மதில் கட்டுவதாயின் காரியாலயம் ஏறத்தான் வேண்டும். நகர சபையிலோ பிரதேச சபையிலோ வீதிக்கோடு எங்கே செல்கின்றது என்று கேட்டறிந்து, அனுமதி பெற்றுத் தொடங்குக. பேசாலை, பள்ளிமுனை, தாழ்வுபாடு போன்ற கரையோர ஊர்களில் இன்னொன்றும் உண்டு. சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை, 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரச் சட்டத்தின்கீழ் வருகின்றது. அங்கே கட்டட வேலைக்குக் கரையோரத் திணைக்களத்திடமும் விசாரிக்க வேண்டும். எல்லையில் நிற்கும் பனை இடைஞ்சலாக இருக்கின்றதென்று கோடரியை எடுத்துவிடாதீர்கள். பனையைத் தறிக்கவும் பிரதேசச் செயலகத்தின் அனுமதி தேவை.

உயிர்வேலியே வேண்டுமென்போர் அளவையைக் கோடையில் முடித்துக்கொள்வது நலம். இங்கு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலேயே பெய்கின்றது. முதல் மழை விழுந்து மணல் நனைந்ததும் பூவரசு, கிளுவைக் கதியால்களை நெருக்கமாக நட்டு, குறுக்கு வரிச்சுக் கட்டிவிட வேண்டும். தளிர் விட்டு வளரும் வரை வெளிப்புறம் உடைமுள் போட்டு வைக்காவிட்டால், நட்ட அவ்வளவையும் அயல் வீட்டு ஆடுகளே தின்று முடித்துவிடும்.