நிழல் வேண்டுமா, நெட் வேண்டுமா?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து மேற்கு ஓரத்தில், 10ஆம் எண் நெடுஞ்சாலையில் க்வார்ட்ஸைட் என்றொரு சின்ன ஊர். நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் சில ஆயிரம் பேர்தான். குளிர்காலம் பிறந்துவிட்டால் ஊரைச் சுற்றியுள்ள பாலை நிலமெங்கும் டிராவல் டிரெய்லர்கள் வந்து நின்றுவிடும். பிக்கப் வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்து வரும் வீடுகள் அவை. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே. ஊருக்குத் தெற்கே லா போசாவில், கட்டணம் கட்டினால் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அரசு நிலத்தில் தங்கிக்கொள்ளலாம்.

சுற்றிப்பார்க்க வந்தவர்கள் ஒரு பகுதிதான். வீட்டு வாடகை கட்டுப்படியாகாமல் டிரெய்லருக்கு மாறியவர்கள், ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் முதியவர்கள், லேப்டாப்பை நம்பிப் பிழைப்பவர்கள் என்று பலரும் அங்கே இருக்கிறார்கள். இவர்களுக்கு நெட்தான் அலுவலகம். டாக்டரை வீடியோவில் பார்ப்பதும் பேரப்பிள்ளையின் முகம் பார்ப்பதும் அதில்தான்.

ஜனவரி மாதம் காலை ஒன்பது மணிக்கு அங்கே போனை எடுத்துப் பாருங்கள். நாலு பாயிண்ட் சிக்னல் இருக்கும். ஆனால் ஒரு பக்கம்கூடத் திறக்காமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். டவர் பக்கத்தில்தான் இருக்கிறது. சின்ன ஊரின் தேவைக்கு வைத்த டவர், கூடாரமும் டிரெய்லருமாக வந்திறங்கிய கூட்டத்துக்கெல்லாம் ஒரே நேரத்தில் பங்கு போடுகிறது. அந்தப் பங்கும் சமமானது கிடையாது. நெரிசல் வந்தால் யாருக்கு முதலில் தருவது, யாரைக் காக்க வைப்பது என்று நிறுவனங்கள் திட்டவாரியாக வரிசை வைத்திருக்கின்றன. மலிவான திட்டங்கள் பெரும்பாலும் கடைசி வரிசையில் நிற்கும். ‘அன்லிமிடெட்’ என்று எழுதியிருந்தாலும் போனில் பார்க்கும் டேட்டா வேறு, ஹாட்ஸ்பாட் வழியே லேப்டாப்புக்குப் போகும் டேட்டா வேறு. ஹாட்ஸ்பாட் அளவு தீர்ந்ததும் வேகத்தை இறுக்கிவிடுவார்கள். திட்டத்தை வாங்கும்போது முதலில் படிக்க வேண்டிய வரி அதுதான்.

பாயிண்டை நம்பக் கூடாது. அதை எப்படிக் காட்டுவது என்பது அந்தந்த போன் கம்பெனி வைத்துக்கொண்ட கணக்கு. போன் அமைப்புகளிலோ அதற்கான செயலியிலோ டெசிபல் அளவு கிடைக்கும். மைனஸ் எண்ணாக இருக்கும். மைனஸ் 85 நல்ல சிக்னல். மைனஸ் 115 என்றால் இழுத்துக்கொண்டு கிடக்கிறது. இடையில் இருப்பது முப்பதுதானே என்று தோன்றும். ஒவ்வொரு பத்துக்கும் பத்து மடங்கு என்பதால், இந்த முப்பது ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

இதையும் வாசலிலேயே சோதித்துப் பார்க்கலாம். டிரெய்லருக்குள் மேஜை மேல் போனை வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கதவைத் திறந்து படியிறங்கி, நாலடி தள்ளி நின்று பாருங்கள். உலோகச் சுவர் உள்ள வண்டியில் எண் சட்டென்று ஏறும். 1931இலிருந்து வரும் ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லர்களின் பளபளக்கும் அலுமினிய உடல் கண்ணுக்கு எவ்வளவு அழகோ, ரேடியோ அலைக்கு அவ்வளவு பகை. வெப்பம் தடுக்கச் சுவருக்குள் வைக்கும் வெள்ளித்தாளும் அதே வேலையைத்தான் செய்கிறது.

இந்த இடத்தில்தான் பலரும் பூஸ்டர் வாங்க ஓடுகிறார்கள். கூரை மேல் ஒரு ஆன்டெனா, உள்ளே ஒரு ஆன்டெனா, நடுவில் சிக்னலைப் பெருக்கும் பெட்டி. கல்யாண மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் கொண்டுபோனால் ‘கூ’வென்று அலறுமே, அதே சங்கடம் இங்கேயும் உண்டு. இரண்டு ஆன்டெனாவும் ஒன்றையொன்று கேட்டால் பூஸ்டர் தன் சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும். இருபது முப்பது அடி நீளமே உள்ள டிரெய்லரில் அவற்றைப் பிரித்து வைக்க இடம் எங்கே? இன்னொன்று: இன்றைய போன்கள் பல ஆன்டெனாக்களால் ஒரே நேரத்தில் பல ஓடைகளாக டேட்டா வாங்குகின்றன. சாதாரண பூஸ்டர் எல்லாவற்றையும் ஒரே ஓடையாக்கிவிடுகிறது. அதனால் சுமாரான சிக்னல் இருக்கும் இடத்தில் பூஸ்டர் போட்டதும் வேகம் குறைவதும் நடக்கும். அது உண்மையில் கைகொடுப்பது டவர் மிகத் தொலைவில் இருக்கும்போது. போனால் அனுப்ப முடிவது பொதுவாக ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்குதான். டவர் பேசுவது நமக்குக் கேட்கும், நாம் பேசுவது டவருக்குக் கேட்காது. அந்த நேரத்தில் நம் குரலைத் தூக்கிக் கொடுக்கப் பூஸ்டர் வேண்டும். மற்ற நாட்களுக்கு, சிம் போடும் ரவுட்டரும் அதோடு நேரே இணைந்த நாலு முனைக் கூரை ஆன்டெனாவுமே நல்லது என்பேன்.

பழைய சாமான் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிட வேண்டாம். 2022இல் பெரிய நிறுவனங்கள் 3ஜியை மூடிவிட்டன. தொலைவுக்குப் பாயும் 600 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பழைய ஹாட்ஸ்பாட்டுகள் பிடிக்காது.

வெயில் ஏறியதும் இதே மக்கள் மேலே கிளம்புகிறார்கள். பலருக்கு அடுத்த ஊர் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள ஃபிளாக்ஸ்டாஃப். சுற்றிலும் பாண்டரோசா பைன் காடு. வானத்திலிருந்து நெட் வாங்குபவருக்குப் பாலைவனத்தில் இல்லாத பிரச்சினை இங்கே தலைக்கு மேல் நிற்கிறது: மரம்.

செயற்கைக்கோள் வழியே இணையம் தரும் ஸ்டார்லிங்க் நிறுவனம் 2022 மே மாதம் டிரெய்லர்காரர்களுக்கென்றே திட்டம் கொண்டுவந்தபோது, டவரே இல்லாத பள்ளத்தாக்கிலும் வேலை பார்க்கலாம் என்ற நிலை வந்தது. அதற்கு முந்தைய செயற்கைக்கோள் இணையம் 35,786 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வந்தது. கேள்வி ஏறி இறங்கி, பதிலும் ஏறி இறங்க, ஒளியின் வேகத்திலேயே கிட்டத்தட்ட அரை விநாடி ஆகிவிடும். வீடியோ கூட்டத்தில் இருவரும் ஒரே நேரத்தில் பேசிவிட்டு ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கிலோமீட்டரில் சுற்றுவதால் தாமதம் பெரும்பாலும் 25 முதல் 60 மில்லிசெகண்டுக்குள் முடிகிறது. ஆனால் அவ்வளவு தாழ்வாகச் சுற்றும் கோள் ஒரே இடத்தில் நிற்காது. சில நிமிடங்களில் வானத்தைக் கடந்து போகும். தரையில் நாம் வைக்கும் டிஷ் ஆன்டெனா ஒரு கோளை விட்டு அடுத்ததைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கீற்று வானம் போதாது, அகன்ற வானம் வேண்டும். வடக்குப் பக்கம் ஒற்றைப் பைன் மரம் நின்றால், கோள் அதன் பின்னால் போகும்போதெல்லாம் பேச்சு சில விநாடி அறுந்துவிடும். படம் பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது. நேர்காணலில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தச் சில விநாடியில் வேலையே போகலாம்.

ஆக, டிரெய்லருக்கு நிழல் வேண்டும், டிஷ்ஷுக்கு வெயில் வேண்டும். கூரையில் சோலார் பலகை இருந்தால் அதுவும் வெயில் கட்சி. டிஷ்ஷைக் கூரையில் அறைந்துவிட்டவர்கள் வெயிலிலேயே காய வேண்டியதுதான். முக்காலியில் வைத்தவர்கள் டிரெய்லரை மரத்தடியில் நிறுத்திவிட்டு, 15 மீட்டர் கேபிளை இழுத்துக்கொண்டு வெட்டவெளியில் டிஷ்ஷை வைக்கிறார்கள். தினமும் எடுத்து வைப்பது தொந்தரவுதான். ஆனாலும் நான் முக்காலி பக்கம்.

மின்சாரத்தை மறந்தவர்கள் முதல் நாளே மாட்டிக்கொள்வார்கள். வழக்கமான ஸ்டார்லிங்க் டிஷ் 75 முதல் 100 வாட் வரை குடிக்கும். 80 வாட் என்றே வைத்தாலும் எட்டு மணி நேர வேலைக்கு 640 வாட் ஹவர். 12 வோல்ட் பேட்டரியில் ஏறக்குறைய 53 ஆம்ப் ஹவர். 100 ஆம்ப் ஹவர் ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் கெடும். அதாவது ஒரே வேலைநாளில் பேட்டரி காலி. விளக்குக்கும் தண்ணீர் பம்புக்கும் மிச்சம் இல்லை. 2024இல் வந்த மினி டிஷ் 25 முதல் 40 வாட்டில் ஓடுகிறது. இன்வெர்ட்டர் இல்லாமல் பேட்டரியிலிருந்தே நேராகக் கொடுக்கவும் முடியும். நெட்டுக்காக ஜெனரேட்டரை ஓட்டி அக்கம்பக்கத்தாரின் உறக்கத்தைக் கெடுக்க வேண்டியதில்லை.

வேலைக்கு நெட்டை நம்பியவர் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு வழி வைத்திருப்பது நல்லது. ஒரே நிறுவனத்தின் இரண்டு சிம் இரண்டு வழி ஆகாது. டவர் விழுந்தால் இரண்டும் சேர்ந்தே விழும். முகாம் வைஃபை பெரும்பாலும் ஒரே ஒரு இணைப்பை எல்லா வண்டிக்கும் பிரித்துக் கொடுப்பதுதான். இரவு எட்டு மணிக்கு அதை எண்ணி உட்கார வேண்டாம்.

சில இடங்களில் டவரைத் தேடியும் பயனில்லை. மேற்கு வர்ஜீனியாவின் கிரீன் பேங்கில் உலகின் மிகப் பெரிய, எத்திசையிலும் திருப்பக்கூடிய ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. அங்குள்ள ஆய்வகம் போன்றவற்றுக்காக 1958 முதல் சுமார் 34,000 சதுர கிலோமீட்டரில் ரேடியோ அலைகளுக்குக் கட்டுப்பாடு. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு போக வேண்டிய ஊர் அது.

அரசுக் காடுகளில் பெரும்பாலும் 14 நாள்தான் தங்கலாம் என்பதால் இந்தத் தேடல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதிதாகத் தொடங்கும். அனுபவப்பட்டவர்கள் டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டு, பிக்கப்பை மட்டும் ஓட்டிக்கொண்டு முந்தின நாளே புது இடத்துக்குப் போகிறார்கள். வேலை நேரத்திலேயே போய், இரண்டு சிம்மிலும் வேகம் பார்த்து, போன் கேமராவை வானத்தை நோக்கிச் சுற்றிக் காட்டி எந்த மரம் மறைக்கிறது என்று செயலியில் பார்த்துக்கொள்கிறார்கள். பிறகுதான் வீட்டை இழுத்து வருகிறார்கள்.

அவர்கள் அலமாரியில் இன்னொரு சாமானும் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். காட்டுத்தீ, திடீர் வெள்ளம் பற்றிய அரசின் அவசரச் செய்தி போனில் அலறுவது பெரும்பாலும் டவர் வழியாகத்தான். டவர் எட்டாத இடத்தில், டிஷ் அருமையாக ஓடிக்கொண்டிருந்தாலும் அந்த அலறல் வராமல் போகலாம். 162 மெகாஹெர்ட்ஸில் இரவு பகலாக ஒலிக்கும் அரசு வானிலை ஒலிபரப்பைப் பிடிக்கும் சின்ன ரேடியோ ஒன்றைப் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்து, அந்த ஊருக்கான அலைவரிசையில் திருப்பிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.