ஜிஎஸ்எம் கட்டரும் கடலைக்காடும்: எந்த மதிப்பீட்டை நம்பலாம்?

இன்னைக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ். உடனே ஸ்கிப் பண்ணிடாதீங்க, ஃபார்முலா எதையும் எழுதச் சொல்லப் போறதில்லை. அவிநாசிக்கு வடக்கே எங்க சேவூர்ப் பக்கம் வந்தீங்கன்னா, ரோட்டுக்கு இந்தப் பக்கம் பனியன் கம்பெனி, அந்தப் பக்கம் கடலைக்காடு. ரெண்டு இடத்துலயும் நடக்கிறது ஒண்ணுதான். முழுசா அளக்க முடியாததுல கொஞ்சம் எடுத்து அளப்பாங்க. அந்தக் கொஞ்சத்தை வச்சு பணம் பேசுவாங்க.

முதல்ல துணி. ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்ங்கிறதுதான் ஜிஎஸ்எம். அதுக்காக யாரும் ஒரு மீட்டர் துணியை வெட்டி வீணாக்க மாட்டாங்க. கையில பிடிச்சுத் திருகுற ஒரு வட்ட கட்டர் இருக்கு. சரியா 100 சதுர சென்டிமீட்டர் வட்டத்தை வெட்டும். தராசுல வச்சு, வர்ற கிராமை 100-ஆல பெருக்கினா ஜிஎஸ்எம். 1.80 கிராம் வந்தா 180.

இதுல ரோல்ல இருக்கிற உண்மையான ஜிஎஸ்எம் நமக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க நாம பண்ற வேலை, அதாவது 'அஞ்சு இடத்துல வெட்டு, சராசரி எடு'ங்கிற செய்முறை, அதுதான் எஸ்டிமேட்டர். கடைசியில வர்ற எண்ணுக்கு இந்தப் பேர் இல்லைங்க, செய்முறைக்குத்தான். இதைப் பிடிச்சுக்கிட்டா மீதி சுலபம்.

ஒரு செய்முறை ரெண்டு விதமா தப்பலாம். ஒண்ணு, சிதறல். ஒரு வெட்டுல 176, அடுத்ததுல 184. துணி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காதே. இதுக்கு மருந்து, நிறைய வெட்டுறது. ஆனா மருந்து கொஞ்சம் காஸ்ட்லி: சிதறலைப் பாதியாக்கணும்னா ரெண்டு மடங்கு வெட்டினா போதாது, நாலு மடங்கு வெட்டணும்.

இன்னொண்ணு சாய்வு, இங்கிலீஷ்ல பயாஸ். 100 சதுர சென்டிமீட்டர் வட்டத்தோட விட்டம் சுமார் 11.28 சென்டிமீட்டர். பிளேடு நகர்ந்து விட்டம் ஒரே ஒரு மில்லிமீட்டர் கூடிடுச்சுன்னு வைங்க. பரப்பு சுமார் 1.8 சதவீதம் ஏறிடும். உண்மையில 170 இருக்கிற துணி உங்க தராசுல 173 காட்டும். ஆர்டர் 180, கூடக்குறைய 5 சதவீதம் வரைக்கும் ஓகேன்னா, எல்லை 171. உங்க டேபிள்ல பாஸ், பையரோட லேப்ல ஃபெயில். ஆயிரம் தடவை வெட்டினாலும் இது சரியாகாது. ஆயிரம் வெட்டும் சேர்ந்து அதே தப்பான 173-ஐத்தான் இன்னும் உறுதியா சொல்லும். என்னைக் கேட்டா சிதறலைவிட இதுதான் ஆபத்து, ஏன்னா பார்க்கிறதுக்கு ரொம்ப நேர்த்தியா இருக்கும்.

அப்போ சராசரிக்குப் பதிலா, வரிசையில நடுவுல நிக்கிற எண்ணை எடுத்தா என்னன்னு சிலர் கேக்குறாங்க. நல்ல கேள்வி. மடிப்புல பட்ட ஒரு வெட்டு சராசரியை இழுத்துட்டுப் போயிடும். நடு எண்ணை அசைக்காது. ஆனா அளவுகள் மணி வடிவத்துல ஒழுங்கா பரவியிருந்தா, நடு எண்ணுக்கு 100 வெட்டு தேவைப்படுற துல்லியத்தை சராசரி சுமார் 64 வெட்டுலயே கொடுத்துடும். பாதுகாப்புக்கு ஒரு விலை இருக்கு, அவ்வளவுதான்.

இப்போ ரோட்டுக்கு அந்தப் பக்கம் போவோம். கடலை மகசூலைக் கணக்கிட காட்டுல ஒரு சின்ன துண்டை அளந்து, அதுல இருக்கிற செடியை மட்டும் பறிச்சு எடை போடுவாங்க. பயிர் அறுவடைப் பரிசோதனைன்னு பேர். இந்தியாவுல 1940-கள்ல இதை வச்சு பெரிய விவாதமே நடந்தது. கல்கத்தா புள்ளியியல் கழகத்தின் மகலனோபிஸ் சின்ன வட்டத் துண்டுகளை விரும்பினார். சீக்கிரம் முடியும், நிறைய இடத்துல எடுக்கலாம். வேளாண் ஆராய்ச்சிக் கவுன்சில்ல இருந்த சுகாத்மே 1946-ல அதை மறுத்தார்: துண்டு சின்னதானா மகசூல் கூடுதலா காட்டும்.

ஏன்? கோட்டு மேல நிக்கிற செடியை நம்ம கை உள்ளதான் சேர்க்கும். அது மனுஷ சுபாவம். நாலடி ஆரமுள்ள வட்டத்துல சுத்திலும் ரெண்டு இன்ச் கூடப் போனா, பரப்பு 8.5 சதவீதம் ஏறும். 5 மீட்டர் சதுரத்துல அதே ரெண்டு இன்ச்சுக்கு 4 சதவீதம்தான். இன்னைக்கு பல பயிர்களுக்கு இந்த 5-க்கு 5 சதுரத்தைப் பயன்படுத்துறதோட நியாயம் இதுல இருக்கு.

இதுல விவசாயிக்கு என்ன? பயிர்க் காப்பீட்டுல மகசூல் இழப்பைப் பொதுவா ஒவ்வொரு காட்டுக்கும் தனியா பார்க்கிறதில்லை. அந்தப் பகுதிக்கு வந்த மதிப்பீட்டை வச்சுத்தான் எல்லாருக்கும் பணம். உத்தரவாத மகசூல் ஏக்கருக்கு 1000 கிலோ, காப்பீட்டுத் தொகை 30,000 ரூபாய்னு வைங்க. உண்மையில 800 கிலோதான் வந்திருந்தா இழப்பு 20 சதவீதம், கிடைக்கவேண்டியது 6,000. மதிப்பீடு 8.5 சதவீதம் மேல சாய்ஞ்சு 868-னு வந்தா, கையில வர்றது 3,960. ரெண்டு இன்ச்ல ரெண்டாயிரம் ரூபாய் போச்சு, அதுவும் அந்தப் பகுதியில இருக்கிற எல்லாருக்கும்.

சாய்வு எப்பவும் கெட்டதுன்னு நினைச்சுடாதீங்க. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்துல உத்தரவாத மகசூலுக்கு கடந்த 7 வருஷத்துல நல்ல 5 வருஷத்தோட சராசரியை எடுத்து, அதை ஒரு இழப்பீட்டு விகிதத்தால பெருக்குறாங்க. மோசமான ரெண்டு வருஷத்தைத் தூக்கிட்டா அந்த சராசரி மேல சாயத்தானே செய்யும்? தெரிஞ்சேதான் சாய்ச்சிருக்காங்க. தொடர் வறட்சி வந்த ஊருக்கு உத்தரவாதமே சரிஞ்சிடக் கூடாதில்லையா.

சரி, சாய்வே இல்லாத செய்முறையில சிதறலை எவ்வளவு தூரம் குறைக்கலாம்? அதுக்கு ஒரு தரை உண்டுன்னு 1945-ல காட்டினவர் சி.ஆர். ராவ். அன்றைய சென்னை மாகாணத்து ஹடகலியில பிறந்தவர். ஹரால்டு கிராமேர் தனியா இதே முடிவுக்கு வந்ததால 'கிராமேர்-ராவ் எல்லை'ன்னு சொல்றோம். கையில இருக்கிற தரவுக்கு அந்தத் தரையைத் தாண்டி, சாய்வில்லாத எந்தத் தந்திரமும் கீழ போக முடியாது. சராசரி மணி வடிவ அளவுகள்ல சரியா அந்தத் தரையில போய் உக்காரும்.

ஆனா ராவோட கணக்கு பிளேடு சரியா இருக்குன்னு நம்பித்தான் ஆரம்பிக்குது. அதனால பனியன் கம்பெனியில வேலை பார்க்கிற நண்பர்கள் நாளைக்கு ஒரு காரியம் பண்ணுங்க. வெட்டின வட்டத்தை இழுக்காம ஸ்கேல்ல வச்சு விட்டத்தைப் பாருங்க. மழை நாள்ல வெட்டினதா இருந்தா துணியைக் கொஞ்சம் ஆற விட்டு எடை போடுங்க. காட்டன் காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிக்கும், அந்த எடையும் ஜிஎஸ்எம்லதான் சேரும்.